‘நேர்மையான ஆராதனை’யா, மெய் வழிபாடா?

கோலாலம்பூரில் ஆங்கிலமும் தமிழும் கலந்து நடக்கிற சபைகளில் ‘நேர்மையான ஆராதனை’ என்ற தொடர் இப்போது நிலைத்துவிட்டது. மேடையில் ஆங்கிலப் பிரசங்கியார் ‘சின்சியர் வர்ஷிப்’ என்கிறார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மூச்சுவிடுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேட்டேன், பட்டர்வொர்த்தில் கேட்டேன். அண்மையில் பிள்ளைகளுக்கான ஒரு ஞாயிறு பள்ளிக் கையேட்டில் அச்சாகவே வந்துவிட்டது. பேச்சில் வந்தால் போகட்டும் என்று விடலாம். அச்சில் ஏறியதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

நேர்மை நல்ல சொல்தான், நல்ல தமிழ்ச் சொல்லும்கூட. ஆனால் அது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் நடக்கிற கொடுக்கல் வாங்கலைச் சேர்ந்தது. எடை போடுகிற கடைக்காரர் நேர்மையானவர். காணிக்கையை எண்ணிக் கணக்கு எழுதுகிற பொருளாளர் நேர்மையானவர். நம்மூர்த் தமிழ்ச் செய்தியில் நேர்மை என்று ஒரு வரி வந்தால் அடுத்த வரியில் ஊழல் தடுப்பு ஆணையம் வந்துவிடும். ‘நேர்மையான ஆராதனை’ என்றதும் தணிக்கை முடிந்து கையெழுத்தான கணக்குப் புத்தகம் மாதிரிதான் என் காதில் விழுகிறது.

ஒரு சொல் பொருந்துமா என்று பார்க்க அதன் எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் போதும். நேர்மைக்கு எதிர் முறைகேடு, லஞ்சம், கள்ளக்கணக்கு. இங்கே பேசப்படுவதற்கு எதிர் வேஷம், மாயம், கபடம். கையைக் குவித்துக்கொண்டு மனசை வேறெங்கோ மேயவிடுகிறவனை ‘நேர்மையில்லாதவன்’ என்று எந்தத் தமிழன் சொல்வான்? ‘சும்மா வேஷம் போடுறான்’ என்றுதான் சொல்வோம். நம் வீடுகளில் இருக்கும் பழைய வேதாகமமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. ரோமர் 12:9-ல் அன்பு ‘மாயமற்றதாயிருப்பதாக’ என்று இருக்கிறது. மாயமற்றது! எவ்வளவு லேசாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இதைத் தாண்டிப் போய் நேர்மையைத் தேடிப்பிடிக்க என்ன தேவை?

இந்தத் தவற்றுக்குத் துணையாக ஒரு கதையும் சுற்றுகிறது. பழங்காலச் சிற்பிகள் பளிங்கில் விழுந்த கீறலை மெழுகால் அடைத்து விற்பார்களாம், யோக்கியமான சிற்பி ‘மெழுகில்லாதது’ என்று சொல்லி விற்பாராம், ‘சின்சியர்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்ததாம். கதை கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. சொற்பிறப்பு ஆராய்ந்தவர்கள் ஏற்பதில்லை. லத்தீனில் மூலச்சொல்லுக்குக் கலப்படமற்றது, தூயது என்பதுதான் பொருள். இந்த மெழுகுக் கதையால்தான் வியாபார நாணயம் உள்ளே நுழைந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘நேர்மை’யும் வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘தூயது’ என்ற பொருளைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்திருந்தார்கள். 1 கொரிந்தியர் 5:8-ல் ‘துப்புரவு உண்மை என்னும் புளிப்பில்லாத அப்பத்தோடே’ பண்டிகையை ஆசரிப்போம் என்று வரும். அந்தத் துப்புரவுதான் நாம் தேடுகிற சொல்லின் அந்நாளைய தமிழ். சரி, அதையே எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. துப்புரவு இன்று நகராண்மைக் கழகத்துக்குப் போய்விட்டது. ‘துப்புரவு ஆராதனை’ என்று அறிவிப்பில் போட்டால் சனிக்கிழமை காலை விளக்குமாறோடு கோத்தோங் ரோயோங் என்கிற ஊர்கூடிச் செய்யும் கூட்டுப்பணிக்கு ஆள் வந்து நிற்கும். குறள் 263-ல் அதே துப்புரவுக்கு உணவு முதலான நுகர்பொருள் என்று பொருள். சொற்கள் இப்படித்தான் வீடு மாறிக்கொண்டே இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மாறிப்போனதைக் கவனித்துவிட்டுப் பயன்படுத்தினால் சரி.

இனி ஆராதனை. வடமொழியில் ‘ராத்’ என்ற வேர், அதன் முன்னே ‘ஆ’. மகிழ்வித்தல், திருப்திப்படுத்தல் என்பது அடிப்படைப் பொருள். தமிழுக்கு வந்து வழிபாடு என்ற பொதுப் பொருளில் நின்றது. வடமொழி என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. அப்படித் தள்ள ஆரம்பித்தால் தேவன் போவார், பிதா போவார், கடைசியில் ‘சபை’யும் போய் வெறும் கட்டடம்தான் மிஞ்சும். என் குறை வேறு. இந்தச் சொல்லை நாமே சுருக்கிவிட்டோம்.

கார் நிறுத்துமிடத்தில் தாமதமாக வந்த ஒருவர் இளைஞன் ஒருவனிடம் கேட்கிறார்: ‘தம்பி, ஆராதனை முடிஞ்சிருச்சா?’ அவன் சொல்கிறான்: ‘முடிஞ்சிருச்சு அங்கிள், இப்ப செய்தி ஓடுது.’ இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. ஆராதனை என்றால் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸோடு நடக்கும் முதல் முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு வேதவாசிப்பு, பிரசங்கம், ஜெபம், காணிக்கை, திருவிருந்து எல்லாம் ஆராதனைக்கு வெளியே! பாட்டு நடத்துகிறவருக்கு ‘ஆராதனை வீரர்’ என்று பட்டமும் கிடைத்துவிட்டது. வீரர் எதற்கு, யாரோடு சண்டை என்று கேட்டால் பதில் இல்லை.

வேதாகமத்தில் ஆராதனை என்ற சொல் எங்கே வருகிறது என்று அந்த வீரர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நல்லது. ரோமர் 12:1-ல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டு, இதுவே ‘புத்தியுள்ள ஆராதனை’ என்கிறார் பவுல். அங்கே பாட்டு இல்லை. கிரேக்க மூலத்தில் ‘லத்ரேயா’, அதாவது ஊழியம், பணிவிடை. பார்வோன் முன்னால் மோசே கேட்டதும் இதுதான்: ஆராதனை செய்ய ஜனங்களை அனுப்பிவிடு. அங்குள்ள எபிரேயச் சொல்லின் வேரும், எகிப்தில் அவர்கள் செங்கல் அறுத்த அடிமை வேலையைக் குறிக்கும் சொல்லின் வேரும் ஒன்றே. யாருக்கு வேலை செய்வது என்பதுதான் அங்கே வழக்கு. நம்மூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டும். மலாயில் வழிபாட்டுக்குச் சொல்கிற ‘இபாடாட்’ அரபு மொழியிலிருந்து வந்தது, அதுவும் இதே வேரைச் சேர்ந்த உறவுச்சொல். அடிமை, பணி என்ற பொருள் அதற்குள்ளும் இருக்கிறது.

கிரேக்கத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, ‘புரொஸ்குனேயோ’. தரையில் விழுந்து பணிவது. முத்தமிடுதல் என்ற பொருளுள்ள வினை அதற்குள் இருக்கிறது. இரண்டையும் வேறுபடுத்த வேண்டும் என்று பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மத்தேயு 4:10-ஐப் பாருங்கள்: ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு, அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாக.’ பணிவது ஒன்று, ஆராதனை மற்றொன்று. ஒரே வசனத்தில் இரண்டும் பிசகாமல் நிற்கின்றன. அவர்களுக்குக் கணினி இல்லை, ஆனால் காது இருந்தது. இப்போது ஒரு பிரசங்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே திரையில் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறவர் ஒருமுறை வாய்விட்டு வாசித்திருந்தாலே ‘நேர்மையான ஆராதனை’ தொண்டையில் சிக்கியிருக்கும்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் தாயகம் யோவான் 4-ஆம் அதிகாரம். யாக்கோபின் கிணற்றடியில் சமாரிய ஸ்திரீ இயேசுவிடம் கேட்கிறாள்: எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள், எது சரி? அவளுக்கு வந்த பதிலில் இடமே அடிபட்டுப் போகிறது. தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ‘ஆவியோடும் உண்மையோடும்’ தொழுதுகொள்ள வேண்டும். இந்த ‘உண்மையோடும்’ என்பதைத்தான் இன்று ‘சின்சியராக’, ‘ஃபீல் பண்ணி’ என்று விளக்குகிறார்கள். கண்ணீர் வந்தால் உண்மை, வராவிட்டால் சடங்கு என்று ஆகிவிட்டது.

குவித்த கையையும் கண்ணீரையும் வள்ளுவர் நம்பவில்லை. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார், அழுதகண் ணீரும் அனைத்து’ என்கிறார் (828). அவர் பகைவரைப் பற்றிச் சொன்னார், உண்மைதான். ஆனால் தொழுத கைக்குள் ஆயுதம் இருக்கலாம், அழுத கண்ணீரும் அப்படியே என்பது எந்த மேடைக்கும் பொருந்தும்.

உண்மை என்ற தமிழ்ச் சொல் ‘உள்’ என்பதன் அடியாகப் பிறந்தது. உள்ள தன்மை, இருப்பு. உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்ம்மை என்று பிரித்துச் சொல்வது மேடைக்கு அழகு, பழைய வழக்கில் உண்மைக்கு எதிர் ‘இன்மை’. இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. யோவானின் கிரேக்கச் சொல் ‘அலேதேயா’, மறைவில்லாதது என்று பிரித்துக் காட்டுவார்கள். இரண்டிலும் உணர்ச்சி என்ற பொருள் துளியும் இல்லை. தெய்வம் உள்ளபடி இருக்கிறது, அதன் முன் நானும் உள்ளபடி நிற்கிறேன். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை.

அதே இடத்தில் இன்னொன்றும் நழுவியிருக்கிறது. அப்படித் தொழுகிறவர்களைப் பிதா ‘விரும்புகிறார்’ என்று பழைய வேதாகமம் சொல்கிறது. கிரேக்கத்தில் இருப்பது ‘தேடுகிறார்’. பழையவர்களை இவ்வளவு புகழ்ந்த நான் இதில் அவர்கள் பக்கம் நிற்க மாட்டேன். ‘உண்மையைத் தேடுவோர்’ என்று கூட்டங்களுக்குத் தலைப்பு வைக்கிறோம், நாமே தேடுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வசனத்தில் தேடுவது பிதா. ‘விரும்புகிறார்’ என்றதும் அந்த ஓட்டம் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து ஆசைப்படுகிறவர் போல் ஆகிவிடுகிறது.

அப்படியானால் ‘சின்சியர் வர்ஷிப்’ என்பதற்குத் தமிழில் என்னதான் சொல்வது? வணக்கம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1578-இல் அண்ட்ரிக்கே அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட நூலின் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. இன்று வணக்கம் ‘செலாமாட் பாகி’ என்ற மலாய்க் காலை வாழ்த்துக்குத் தமிழாக நிற்கிறது, திரும்பக் கூப்பிட்டால் வராது. தொழுகை அருமையான சொல். ஆனால் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் வளர்ந்த யாருக்கும் தொழுகை என்றால் ஐவேளைத் தொழுகைதான். ஒரு சமூகம் தன் உயிரோடு சேர்த்து வைத்திருக்கும் சொல்லை நாம் போய் இழுப்பது முறையல்ல. பூசை என்பது மூத்த கத்தோலிக்கர்களின் வாயில் இன்றும் இருக்கிறது. ‘பூசைக்கு நேரமாச்சு’ என்று புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் கேட்கலாம், எழுத்தில் அதன் இடத்தைத் திருப்பலி பிடித்துவிட்டது.

மிஞ்சுவது வழிபாடு. எனக்கு இதுவே போதும். வழி, படு. ஒருவர் வழியில் படுதல், அவர் பின்னே போதல். தொல்காப்பியத்திலேயே ‘வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப’ என்று வருகிறது. புறநானூறு 10-இல் சோழ அரசனைப் பார்த்து ‘வழிபடு வோரை வல்லறி தீயே’ என்கிறார் புலவர். உன்னைப் பின்பற்றி நடப்பவர் யார் என்று நீ விரைந்து அறிந்துகொள்வாய் என்பது பொருள். பாடுகிறவர், புகழ்கிறவர் எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை, நடக்கிறவர்தான் இருக்கிறார். ‘நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்றவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு வழிபாட்டைவிட நெருங்கிய சொல் எங்கே கிடைக்கும்? கத்தோலிக்கர்கள் திருவழிபாடு என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் சிலர் ‘அது கோயில்காரங்க சொல்லு’ என்று ஒதுங்குகிறார்கள். ஆராதனை மட்டும் எங்கிருந்து வந்ததாம்? கோயிலில் தீபாராதனை பார்க்காதவர்களா நாம்?

அதற்கு அடைமொழி ‘மெய்’. யோவானில் இயேசு ‘ஆமென், ஆமென்’ என்று தொடங்கும் இடங்களில் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ‘மெய்யாகவே மெய்யாகவே’ என்று போட்டார்கள். எபிரேயத்தில் ஆமென் என்பதும் சத்தியம் என்பதும் ஒரே வேர், உறுதியாய் நிற்பது. தமிழில் மெய் என்றால் உடம்பும்தான். சரீரத்தை ஒப்புக்கொடுப்பதே ஆராதனை என்று பவுல் சொன்னதும் இதற்குள் தானாக அடங்கிவிடுகிறது. ‘மெய்வழி’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அந்தப் பெயரில் புதுக்கோட்டைப் பக்கம் தனியாக ஒரு மார்க்கமே இருக்கிறது.

ஆக, திரைக்கு ‘மெய் வழிபாடு’. பேச்சில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு ‘மாயமில்லாமல் வழிபடுங்கள்’, இல்லாவிட்டால் ‘மனசார வழிபடுங்கள்’. இரண்டும் பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். முதல் முக்கால் மணி நேரத்துக்குப் பாடல் வேளை என்று பெயர் வையுங்கள். ஆராதனை வீரரைப் பாட்டு நடத்துகிறவர் என்றே கூப்பிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் கிட்டாரை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.