அக்னிவீரர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

விடியற்காலையில் மைதானத்தில் ஓடிப் பழகும் பையன்களிடம் 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் உடனே வரும். நான்கு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது கையில் என்ன இருக்கும் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. பெற்றோருக்கும் தெரியவில்லை. மிலிட்டரி வேலை என்றால் பென்ஷன் வரை கவலையில்லை என்ற நினைப்பு வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, ஒருசில சிறப்புப் பிரிவுகளைத் தவிர, சிப்பாய் நிலையில் ஆள் சேர்ப்பது அந்தத் திட்டத்தின்படிதான். அப்படிச் சேர்பவர்களுக்குத்தான் அக்னிவீரர் என்று பெயர். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு வருடம்.

முதலில் சம்பளக் கணக்கு. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதமான 9,000 ரூபாயை, கடைசியில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்துக்கொள்வார்கள். கைக்கு வருவது 21,000. அடுத்தடுத்த வருடங்களில் கைக்கு வருவது 23,100, 25,550, 28,000. பணியிடத்தைப் பொறுத்து இடர்ப்படி, ரேஷன், உடை, பயணப் படிகள் உண்டு, அகவிலைப்படி கிடையாது. நான்கு வருடத்தில் பிடித்தம் சுமார் 5.02 லட்சம் ஆகும். அரசும் அதே அளவு போடும். இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம், அதோடு வட்டி. இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை.

"வேலை கிடைத்துவிட்டது, மாதம் முப்பதாயிரம்" என்று நினைத்து வீட்டில் கடன் வாங்கிவிடுகிறார்கள். தவணையைக் கணக்குப் போட வேண்டியது 21,000 ரூபாயை வைத்து. சேவா நிதியும் நான்கு வருடம் முடிந்த பிறகே கைக்கு வரும். தங்கை கல்யாணத்துக்கு நடுவில் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரப் படைக்கு எடுப்பார்கள். அவர்கள் மேலும் குறைந்தது 15 வருடம் பணிபுரிய வேண்டும். தேர்வு தரவரிசைப்படி நடக்கும், யாருக்கும் அது உரிமை அல்ல. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லை, கேன்டீன் வசதியும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. பணியில் இருக்கும்வரை 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு இவர்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பணியின் காரணமாக உயிரிழந்தால் கூடுதலாக 44 லட்சம் கருணைத்தொகை உண்டு. காயத்தால் ஊனம் ஏற்பட்டால் 100, 75, 50 சதவீத நிலைகளுக்கு முறையே 44, 25, 15 லட்சம். இந்த எண்களைச் சேரப்போகிறவரும் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். 18 வயது ஆகாதவர்களின் படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைச் சடங்காக நினைத்துப் போடாதீர்கள்.

பாதியில் விலகலாமா? சொந்த விருப்பத்தில் பொதுவாக முடியாது. மிக அபூர்வமான காரணங்களுக்கு, உரிய அதிகாரி அனுமதித்தால் மட்டுமே முடியும். அப்போதும் அவரவர் கட்டிய பணமும் அதன் வட்டியும்தான் திரும்ப வரும், அரசின் பங்கு வராது. சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

பத்தாம் வகுப்போடு சேர்பவர்கள் பணியில் இருந்துகொண்டே பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெற வழி இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 22, 23 வயதில் வெளியே வந்து அடுத்த தேர்வுக்கு நிற்கும்போது, கையில் பன்னிரண்டாம் வகுப்பு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் பெரிது.

தேர்வுமுறைக்கு வருவோம். 2023 முதல் கணினிவழி எழுத்துத் தேர்வுதான் முதலில். அதில் தேறியவர்களையே ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கூப்பிடுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டாம். ஓட்டத்தை மட்டும் நம்பி ஒரு வருடம் செலவழித்தவர்கள் பலர் மைதானத்தையே பார்க்காமல் வெளியேறுவது இதனால்தான்.

1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 82 விநாடி. கூட்டத்தோடு ஓடும்போது எல்லோரும் முதல் 200 மீட்டரில் பாய்வார்கள். அதில் இழுபட்டுப் போனவர்கள் மூன்றாவது சுற்றில் நின்றுவிடுகிறார்கள். தனியாக ஓடிப் பழகியவருக்கு இந்த நெருக்கடி புதிது, ஆகவே கடைசி இரண்டு மாதமாவது பத்துப் பதினைந்து பேரோடு ஓடிப் பழகுங்கள். தினமும் தார்ச்சாலையில் தேய்ந்த ஷூவோடு ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கும். வலியோடு ஓடினால் அது எலும்பில் கீறலாகவே மாறலாம். புல் அப்ஸ் 10 எடுத்தால் 40 மதிப்பெண். உடம்பை ஆட்டி எடுப்பதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். ஊக்கமருந்து ஊசி, மாத்திரை என்று யார் நீட்டினாலும் தொடாதீர்கள். உயிருக்கே ஆபத்து, பிடிபட்டால் தகுதிநீக்கம்.

ஓட்டத்தில் ஜெயித்து மருத்துவச் சோதனையில் திரும்புகிறவர்களைப் பார்த்தால் மனம் கனக்கும், ஏனென்றால் பல குறைகள் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை. காதில் அடைத்த அழுக்கு, சொத்தைப் பல், மூலம், விரைவீக்கம் எல்லாம் முகாமுக்கு ஆறு மாதம் முன்பே அரசு மருத்துவமனையில் காட்டினால் தீரும். நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி தட்டுவது, கால் நரம்புச் சுருள் போன்றவற்றை முதலிலேயே பரிசோதித்துக்கொண்டால், கூடாத ஒன்றுக்காக இரண்டு வருடம் வீணாகாது. பச்சை குத்துவதற்கும் விதி இருக்கிறது: முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி. தோளில் குத்திய பெயருக்காகத் திருப்பி அனுப்பப்படுவது வேதனை. முகாமில் தகுதியில்லை என்று சொன்னால் மறுபரிசோதனைக்கு வழி உண்டு. கையில் தரும் சீட்டில் எந்த ராணுவ மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் ர', ஆதாரில் 'ர. முருகன்', சாதிச் சான்றிதழில் 'ரத்தினம் முருகன்' என்று இருந்தால் வடக்கத்திப் பெயர்முறைக்குப் பழகிய அலுவலருக்கு அது மூன்று ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கும் எழுத்துக்கு எழுத்து அதனோடு ஒத்துப்போக வேண்டும். ஆதாரைத் திருத்துவது எளிது, பள்ளிச் சான்றிதழைத் திருத்த மாதக்கணக்காகும். விண்ணப்பிக்கும் முன்பே இந்த வேலையை முடியுங்கள். நன்னடத்தைச் சான்று, திருமணம் ஆகவில்லை என்ற சான்று இரண்டும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக இருக்க வேண்டும்.

சென்னை, கோயம்புத்தூர், திருச்சியில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் எதில் வருகிறது என்று அறிவிப்பிலேயே இருக்கும். விண்ணப்பத்தோடு கட்டும் தேர்வுக் கட்டணத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறார், மூன்று லட்சம் கொடுங்கள்" என்பவர் முதலில் அசல் சான்றிதழைத்தான் கேட்பார். தானாகத் தேறுகிற பையனின் பணத்தை வைத்துக்கொள்வார். தேறாதவனின் சான்றிதழைப் பிடித்துவைத்துப் பேரம் பேசுவார். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் தயங்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் இன்னொரு வழி இருக்கிறது, நம் கிராமப் பள்ளிகளில் அதைச் சொல்வார் குறைவு. தேசிய பாதுகாப்பு அகாடமி தேர்வை யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. தேறினால் பயிற்சி முடிந்து அதிகாரியாகவே சேரலாம். வயது 16½ முதல் 19½ வரை. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவு படித்தவரும் எழுதலாம், ஆனால் கணிதத் தாளை எல்லோரும் எழுதியாக வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு ஆங்கிலத்தில் கணக்குப் போட்டுப் பழகத் தொடங்கினால் இரண்டு வருடம் கிடைக்கும், அது போதும்.