'ஏன் கத்தவில்லை?' என்று கேட்பதற்கு முன்

பாலியல் வன்முறைக்கு ஆளாகி மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், செய்தவனை விட்டுவிட்டுத் தங்களைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள். "நான் ஏன் கத்தலை? ஏன் தள்ளிவிட்டு ஓடலை?" இது அவர்களுக்குள் தானாக முளைத்த கேள்வி அல்ல. வீட்டிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் காலங்காலமாகக் கேட்கப்பட்டு வருவது.

1947இல் நியூயார்க்கில் அரங்கேறிய டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' நாடகத்தில், நாயகி பிளான்ச்சை அவளுடைய தங்கையின் கணவன் வல்லுறவு செய்கிறான். தங்கை நம்ப மறுக்கிறாள். நம்பினால் அவனோடு எப்படி வாழ்வது? கடைசியில் பிளான்ச்சை மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். அவன் வீட்டிலேயே இருக்கிறான். அன்றைய சமூகத்தை வில்லியம்ஸ் நேர்மையாகத்தான் காட்டினார். ஆனால் நடந்ததைப் பிளான்ச் தன் வாயால் சொல்லும் காட்சி மேடைக்கு வரவே இல்லை.

2019இல் சிட்னியில் அரங்கேறிய சூசி மில்லரின் 'பிரைமா ஃபேசி'யில் மேடை முழுக்க ஒரே பெண்ணின் குரல். டெஸ்ஸா, புகார் கொடுத்த பெண்களின் வாக்குமூலத்தில் ஓட்டை தேடிப் பிடித்து வழக்குகளை ஜெயிக்கும் வழக்கறிஞர். அப்புறம் சக வழக்கறிஞர் ஒருவனால் அவளே பாதிக்கப்படுகிறாள். அன்றிரவு அவள் விரும்பிப் பழகியவன்தான் அவன். குறுக்கு விசாரணையில் சட்டம் கேட்கும் வரிசையில் அவளுடைய நினைவு வர மறுக்கிறது. மில்லரும் வழக்கறிஞராக இருந்தவர். அந்தக் காட்சியின் கூர்மைக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆலோசனை அறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதைத்தான். ஆபத்தில் சிலர் எதிர்ப்பார்கள், சிலர் ஓடுவார்கள், பலர் உறைந்துபோவார்கள். கை கால் அசையாது, குரல் எழும்பாது. யாரும் யோசித்து முடிவெடுத்து அப்படி உறைவதில்லை. பிறகு நேரமும் வரிசையும் குழம்பலாம். ஒரு வாசனை மட்டும் துல்லியமாக நினைவில் நிற்கலாம். முன்பின்னாகச் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடாது.

உடலால் எதிர்க்காததை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013இல் வந்த திருத்தம் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. நம் வீடுகளில் மட்டும் பழைய கேள்வி இன்னும் ஓயவில்லை.

யாராவது உங்களிடம் மனம்விட்டுச் சொன்னால், "நான் நம்புறேன்" என்று சொல்லுங்கள். உடை, நேரம் என்று குடையாதீர்கள். இப்படிப்பட்ட நாடகத்துக்கு அவரை அழைத்துப் போவதானால் கதையை முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்து வர நினைத்தால் கூடவே வந்துவிடுங்கள். உதவிக்குப் பெண்கள் 181ஐ அழைக்கலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098. அந்த வயதினருக்கு நடந்ததைப் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம்.