ராயல்டி ஃப்ரீ: எது இலவசம்?

கதைக்கோ கட்டுரைக்கோ படம் தேடும்போது 'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல் கண்ணில் பட்டால், இலவசம்தானே என்று எடுத்துவிடுகிறோம். உண்மையில் அங்கே இல்லாதது ராயல்டி மட்டும்தான். படத்துக்கு விலை இருக்கலாம்.

ராயல்டியின் வேர், லத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அரசத்தன்மை என்று பொருள். பிறகு அரசனுக்குரிய உரிமைகளைக் குறித்தது. சுரங்கம் தோண்டும் உரிமையும் அதில் ஒன்று. தோண்டியவர் கொடுத்த பங்குக்கும் ராயல்டி என்றே பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் விற்பனைக்கு ஏற்பக் கிடைக்கும் தொகையையும் அப்படியே அழைத்தார்கள்.

தமிழில் ராயல்டிக்கு 'உரிமைத்தொகை' நல்ல சொல். ஆனால் ராயல்டி ஃப்ரீயை 'உரிமைத்தொகையற்ற' என்று பெயர்த்தால் அதே குழப்பம் தமிழிலும் வந்துவிடும். ஒருமுறை உரிமம் பெற்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் கருத்து. 'தொடர்கட்டணமில்லா' என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் அந்த 'ஃப்ரீ'. ஆங்கிலத்தில் ஒரே சொல் காசில்லாததையும் தடையில்லாததையும் குறித்துக் குழப்புகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை: 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. எழுதுபவர் தேட வேண்டியது கட்டற்ற படத்தை. படைப்பாளி தன் படைப்பை மற்றவர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமங்கள் உண்டு; 2002இல் வெளிவந்த அந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைத் தமிழில் 'படைப்பாக்கப் பொதுமங்கள்' என்கிறோம். ஆனால் அவை எல்லாமே கட்டற்றவை அல்ல. உரிமத்தின் பெயரில் 'பிஒய்' இருந்தால் படைப்பாளி பெயரைப் போட வேண்டும். 'என்சி' இருந்தால் விற்கும் மின்னூலில் வைக்கக் கூடாது. 'என்டி' இருந்தால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. 'சிசி0' என்றால் படைப்பாளி தன் உரிமையை முடிந்தவரை விட்டுக்கொடுத்துவிட்டார். அங்கேயும் பெயர் போடுவது மரியாதை.

உரிமம் சரி, படத்தை மனிதர் செய்தாரா? எந்த உரிமமும் அதைச் சொல்லாது. இலவசப் படத் தளங்களில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவையும் கலந்து கிடக்கின்றன. அப்படிப் படம் உருவாக்கும் கருவிகள் பரவலானது 2022இல்தான் என்பதால், அதற்கு முன் பதிவேற்றிய படங்களை ஓரளவு நம்பலாம். அதைவிட நம்பகமானவை அருங்காட்சியகத் தொகுப்புகள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 3,75,000 படங்களைச் சிசி0வாகத் திறந்துவிட்டது. 2020இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் சுமார் 28 லட்சம் படங்களோடு வந்தது. கட்டற்ற படங்களின் பொதுத் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸில் படத்தின் பக்கத்திலேயே ஆசிரியர், தேதி, உரிமம் மூன்றும் இருக்கும். எடுக்கும் அன்றே அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் உரிமம் பிறகு மாறலாம்: சிசி0வில் தொடங்கிய இலவசப் படத் தளங்களான அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்சபே 2019இலும் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன.