டெக்சாஸில் பிள்ளை வகுப்பில் இருந்தால்தான் பள்ளிக்குப் பணம்

வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது அந்தப் பகுதிப் பள்ளிக்கு மாநிலம் கொடுத்த மதிப்பீடு ஏ ரேட்டிங்கா, பி ரேட்டிங்கா என்பதைத்தான். நானும் அப்படிப் பார்த்துத்தான் வீடு வாங்கினேன். பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எழுத்தை வைத்துப் பள்ளிக்குப் பணம் வருவதில்லை, பணம் வரும் வழியே வேறு, அது தெரியாமல் நம் பள்ளிக்கு வர வேண்டிய பணத்தை நாமே குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது பள்ளி மாவட்டம். மாவட்டம் என்றதும் ஊரில் கலெக்டர் இருக்கும் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பள்ளிகளுக்கென்றே இருக்கும் தனி அமைப்பு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் போர்டு உண்டு, சொந்தமாகச் சொத்து வரி போடும் உரிமையும் உண்டு. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சிலவற்றில் லட்சம் பிள்ளைகள், சிலவற்றில் எல்லா வகுப்பும் சேர்த்தே இருநூறு முந்நூறு பேர்.

ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று மாநிலம் ஓர் அடிப்படைத் தொகை வைத்திருக்கிறது. 2019-இல் அது 6,160 டாலர். விலைவாசி எகிறிய அத்தனை வருஷமும் அப்படியே கிடந்து, 2025-இல் சட்டமன்றம் கூட்டியது வெறும் 55 டாலர், இப்போது 6,215. அதற்கு மேல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளை, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை என்றால் கூடுதல் தொகை. தினசரி வருகை சராசரி 1,600-க்குள் இருக்கும் சின்ன மாவட்டத்துக்கு ஒரு கூடுதல், 5,000-க்குள் இருக்கும் நடுத்தர மாவட்டத்துக்கு அதைவிடக் குறைவாக ஒரு கூடுதல். நியாயம்தான், ஏனென்றால் அல்ஜீப்ரா வகுப்பில் 12 பேர் இருந்தாலும் 25 பேர் இருந்தாலும் வாத்தியார் ஒருவர் வேண்டும், சம்பளம் ஒன்றுதான்.

இப்படி வரும் மொத்தத் தொகையில் உள்ளூர்ச் சொத்து வரி எவ்வளவு தருகிறதோ அது போக மீதியை மாநிலம் போடும். வரியே தேவைக்கு மேல் வந்துவிட்டால் மிச்சத்தை மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதை நாயகன் பெயரில், ராபின் ஹூட் என்கிறார்கள், வசதியான பகுதிக்காரர்கள் திட்டுவதும் இதைத்தான்.

ஏன் இப்படி ஒன்று வந்தது என்று தெரிந்தால் திட்ட மனசு வராது. சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு மாவட்டம், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அதே ஊரில் அலமோ ஹைட்ஸ் என்று வசதியான இன்னொரு மாவட்டம், சுமார் 5,000 பிள்ளைகள்தான். 1967-68 கணக்கைப் பாருங்கள்: எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டியும் பிள்ளைக்கு 26 டாலர்தான் கிடைத்தது. அலமோ ஹைட்ஸில் 85 சென்ட் மட்டும் கட்டி 333 டாலர். அதிக வரி கட்டியவர்களுக்குக் குறைந்த பணம்! விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்த டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்துவிட்டது. அப்புறம் மாநில நீதிமன்றத்துக்குப் போய், 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் இந்த நிதி ஏற்பாடு மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். அதிலிருந்துதான் 1993-இல் இந்தத் திருப்பிக் கட்டும் சட்டம் வந்தது. இருபத்தைந்து வருஷப் போராட்டம்.

சரி, நம் கையில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்றேனே, அது பெயர் பதிவான பிள்ளைக்கு இல்லை, பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு. தினமும் குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கும் வருகைதான் கணக்கு. 800 பேர் பதிவான மாவட்டத்தில் சராசரியாக 92 சதவீதம் வந்தால் 736 பேருக்குத்தான் பணம். அடிப்படைத் தொகையை மட்டும் பார்த்தாலே மீதி 64 பேருக்கு ஏறக்குறைய 4 லட்சம் டாலர் போச்சு. ஆனால் பஸ் அதே தூரம் ஓடுகிறது, ஏசி அதே கரண்ட் இழுக்கிறது. பெரிய மாவட்டம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும், சின்ன மாவட்டத்தில் அது ஆறேழு வாத்தியார் சம்பளம்.

என் பெண்ணுக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கினால் அன்று முழுக்க வீட்டிலேயே வைத்துக்கொள்வேன். ஒருநாள் பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மாதான் சொன்னார்: காலையில் கொண்டுவந்து விடுங்கள், நடுவில் கூட்டிப் போங்கள், இல்லை டாக்டரைப் பார்த்துவிட்டுக் கூட்டி வாருங்கள், டாக்டர் சீட்டு மட்டும் கொடுங்கள், வந்ததாகவே எழுதிக்கொள்வோம் என்று. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தீபாவளிக்கும் இது உண்டு. சமயப் பண்டிகை என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, விடுபட்ட பாடத்தைப் பிறகு முடித்துக் கொடுத்தால், அன்றைக்குப் பள்ளிக்குப் பணம் குறையாது. வெறுமனே "உடம்பு சரியில்லை" என்று மெயில் போட்டால் லீவை ஏற்றுக்கொள்வார்கள், பணம் மட்டும் வராது. டிசம்பர் விடுமுறையோடு இன்னும் இரண்டு வாரம் ஒட்டி ஊருக்குப் போய் வருகிறோமே, அதற்கும் இதே கதிதான்; போதாததற்குப் பாடம் நடக்கும் நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால் அந்தப் பாடத்தை முடித்ததாகப் பிள்ளைக்குக் கொடுக்கும் கிரெடிட்டே சிக்கலாகும்.

முதலில் சொன்ன அந்த ஏ, பி எழுத்து, ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வின் மதிப்பெண், பிள்ளைகள் போன வருஷத்தைவிட எவ்வளவு முன்னேறினார்கள், ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் போன்ற பிரிவினர் எப்படிச் செய்கிறார்கள் என்ற மூன்றிலிருந்து வருகிறது. முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், மூன்றாவதற்கு 30. ஒரே பள்ளி தொடர்ந்து ஐந்து வருஷம் தேறாவிட்டால் மாநிலம் பள்ளியை மூடலாம், அல்லது மாவட்டத்தையே கையில் எடுக்கலாம். 2023-இல் ஹூஸ்டனில் எடுத்தது.

இன்னொன்று, வரி பில்லில் பள்ளிக்கென்று இரண்டு வீதம் இருக்கும். ஒன்று சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும், மற்றது கட்டடக் கடனுக்கு. கட்டடக் கடனுக்கென்று மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது, அதனால் புது ஸ்டேடியம் எழும்பும் வருஷத்திலேயே வாத்தியார்களைக் குறைப்பதும் நடக்கும்.

பட்ஜெட் பற்றி எல்லா மாவட்டமும் பொதுக் கூட்டம் நடத்தியாக வேண்டும். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும் மாவட்டம் என்றால் ஜூனில் இருக்கும், செப்டம்பர் 1 என்றால் ஆகஸ்டில். போய் உட்காருங்கள், போன வருஷ வருகை எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.