நெட்வொர்க் மேல் பழி போடுவதற்கு முன்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யும்படி இணைத்த கம்ப்யூட்டர் கூட்டம் அது. "நெட்வொர்க் ஸ்லோ சார், இன்ஃபினிபேண்ட் வாங்கணும்" என்ற புகாரைத்தான் அதிகம் கேட்கிறேன். இன்ஃபினிபேண்ட் என்பது கம்ப்யூட்டர்களை இணைக்கும் அதிவேக நெட்வொர்க் வகை. அளந்து பார்த்துவிட்டு வந்து சொல்பவர்கள் அபூர்வம்.

போன வருடம் ஓர் ஆய்வு மாணவி, கல்லணைக்குக் கீழே வெண்ணாற்றுப் படுகையில் வெள்ளம் பரவுவதைக் கணக்கிடும் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தார். நிலத்தைச் சிறு கட்டங்களாக்கி, அவற்றைப் பட்டை பட்டையாக நறுக்கி, பட்டைக்கு ஒரு பிராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு புரோகிராம் பிரதி. 16 பட்டையை 32 ஆக்கினால் நேரம் பாதியாகும் என்று நினைத்தார். கொஞ்சம்தான் குறைந்தது.

நேரம் எங்கே போகிறது என்று காட்டும் எம்பிஐபி என்ற புரொஃபைலரைச் சேர்த்து ஓட்டினோம். பிராசஸ்கள் தங்களுக்குள் தகவல் பரிமாற உதவுவது எம்பிஐ. அதன் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 'பிஎம்பிஐ' என்று தொடங்கும் இன்னொரு பெயர் உண்டு. அந்த வழியாகக் கருவி நடுவில் புகுந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நம் கோடில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். பாதிக்கு மேல் நேரம் ஆல்ரெட்யூஸில், அதாவது எல்லாப் பிராசஸ்களின் எண்களையும் சேர்த்து ஒரே விடையாக்கி எல்லாவற்றுக்கும் தரும் அழைப்பில், போயிருந்தது. "பாத்தீங்களா சார், நெட்வொர்க்தான்!" என்றார். சரி, அந்த அழைப்பில் போவது என்ன? அடுத்த டைம் ஸ்டெப் (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) எவ்வளவு என்கிற ஒரே ஓர் எண், 8 பைட். ஜிகாபிட் ஈதர்நெட் நொடிக்கு 125 மெகாபைட் வரை தள்ளும். 8 பைட்டுக்கா அது மூச்சு வாங்கும்?

ஆல்ரெட்யூஸுக்கு முந்தைய வரியில் ஒரு பேரியரைப் போட்டோம். எல்லாப் பிராசஸும் வந்து சேரும் வரை எதையும் நகரவிடாத அழைப்பு அது. அந்த நேரம் அப்படியே பேரியருக்குத் தாவிவிட்டது. ஆக, தகவல் போகத் தாமதமில்லை. ஆள் வந்து சேரத்தான் தாமதம். வறண்ட கட்டங்களில் கணக்கே கிடையாது, அதனால் மேட்டுப் பட்டைகள் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தன. ஆற்றோரத்து நாலைந்து பட்டைகள் மட்டும் திணறின. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலையா திட்டுகிறோம்? மேலே யார் மறித்தது என்று கரையோடு ஒரு நடை போய்ப் பார்ப்பதில்லையா?

பரப்பை விட்டுவிட்டு, நனைந்த கட்டங்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்ததும் புரோகிராம் வேகமெடுத்தது. வெள்ளம் நகர நகர மறுபடி பிரிக்க வேண்டும், அது தனித் தலைவலி.

நெட்வொர்க் நிஜமாகவே இழுத்த கேஸும் உண்டு. இன்னொருவர் பட்டை ஓரத்து மதிப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பி, பக்கத்துப் பிராசஸின் மதிப்பு வந்த பிறகே அடுத்ததைத் தொட்டார். செய்தி எவ்வளவு சிறியதானாலும் சாதாரண ஈதர்நெட்டில் சில பத்து மைக்ரோ நொடி போய்விடும், இன்ஃபினிபேண்டில் ஒன்றிரண்டு. ஓரத்தில் 2,000 கட்டம் இருந்தால் அந்தச் செலவும் 2,000 தடவை. எல்லாவற்றையும் ஒரே செய்தியாகக் கட்டி அனுப்பச் சொன்னேன். கோடை மாற்ற ஒரு மதியம் ஆனது. இன்ஃபினிபேண்ட் கொட்டேஷன் இன்னும் என் டிராயரில்தான் கிடக்கிறது.