வாத்து வண்டியும் மோரிப் சேறும்

மலேசியாவில் பூச்சோங் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் முற்றத்தில், துருப்பிடித்த வாஷிங் மெஷின்களுக்கும் லாரிச் சட்டங்களுக்கும் நடுவே ஒரு படகு நிற்கிறது. கிட்டே போனால்தான் அதற்கு ஆறு சக்கரம் இருப்பது தெரியும். முதல் தடவை பார்த்தபோது, "இது என்ன அண்ணே, கப்பலா, லாரியா?" என்று கேட்டேன்.

"வாத்து," என்றார். "மோரிப்ல இறங்குனது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான் பாரு, அப்ப."

மோரிப் சிலாங்கூரின் கடற்கரை ஊர். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது அது பர்மாவில் ஓடிய வண்டியாகியிருந்தது. தீபாவளிக்குப் போனபோது பிரான்ஸின் நார்மண்டிக்கே போய்விட்டது. எது உண்மை என்று பார்க்கலாம் என்றால், முகப்பில் தகவல் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும்தான் பாக்கி. சரி, தகடு இல்லாவிட்டால் என்ன? பட்டாளக் கதைகளுக்குச் சாட்சி கிடைக்காவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா?

முதலில் பெயர். ஆங்கிலத்தில் டி, யு, கே, டபிள்யூ என்று நான்கு எழுத்து. ஜெனரல் மோட்டார்ஸ் லாரிப் பிரிவின் கணக்குப்படி டி என்றால் 1942ஆம் ஆண்டு மாடல், யு என்றால் நீர்-நில வண்டி, கே என்றால் முன்சக்கரத்துக்கும் இயக்கம் உண்டு, டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு இயங்கும் அச்சுகள். வெறும் தொழிற்சாலைக் குறியீடு. சிப்பாய்கள் அதைச் சேர்த்து வாசித்து 'டக்', அதாவது வாத்து, ஆக்கிவிட்டார்கள். இரண்டரை டன் ராணுவ லாரியின் அச்சு, எஞ்சின், கியர் எல்லாவற்றையும் எடுத்து அதைச் சுற்றி ஒரு படகைக் கட்டியதுதான் இந்த வண்டி. படகை வரைந்தவர் ராட் ஸ்டீபன்ஸ். பந்தயப் பாய்மரப் படகு வடிவமைக்கும் நிறுவனத்துக்காரர். கூட உழைத்தவர்கள் பிரிட்டிஷ் கடலோடி டென்னிஸ் புல்ஸ்டன், அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்பியர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 21,147 வண்டிகள் செய்துவிட்டார்கள்.

இத்தனை இரும்பு எப்படி மிதக்கிறது? ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான், தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிவிட்டால் மிதக்கும். வெறும் வண்டி சுமார் 6 டன், ஏற்றலாம் என்று அனுமதித்த சரக்கு 2.3 டன். மொத்தம் 8.3 டன். அதாவது வீட்டுக் கூரையில் வைக்கிறோமே, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதில் எட்டுத் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீரைத் தள்ள வேண்டும். நீளம் 9.4 மீட்டர், அகலம் 2.5 மீட்டர். மூலைகளைக் கழித்துவிட்டால் தண்ணீரில் படியும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் வண்டி 5 செ.மீ. இறங்கும். அவ்வளவுதானா என்று தோன்றும். அமைதியான குளத்தில் அவ்வளவுதான். கடலில் அந்த 5 செ.மீ. ஓர் அலை உள்ளே வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சரிபார்த்துவிடலாம். 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. அமெரிக்காவின் 111ஆவது பீரங்கிப் பட்டாளம் தன் 12 பீரங்கிகளை வாத்துகளில் ஏற்றிக் கொண்டுபோனது. கரைக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. வண்டி மோசம், சபிக்கப்பட்ட நாள் என்றெல்லாம் சொல்வதற்கு முன் எடையைப் பாருங்கள். 105 மி.மீ. பீரங்கி ஒன்று மட்டும் ஏறத்தாழ 2.26 டன். அனுமதித்த சுமை அதோடு தீர்ந்துபோனது. அதற்கு மேல் ஆட்கள், குண்டுகள், மணல் மூட்டைகள். கூடவே கொந்தளித்த கடல். பீரங்கியின் எடை வண்டியில் உயரமாக வேறு உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டி சாதாரணமாகக் கவிழாமல் இருப்பதே அச்சுகளும் சக்கரங்களும் படகுக்கு அடியில் தொங்கி, பாய்மரப் படகின் அடிப்பாரம் போல வேலை செய்வதால்தான். மேலே பாரம் ஏற ஏற அந்த நன்மை கரைந்துபோகும்.

அண்ணனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈயக்குட்டைக்குப் போனோம். பழைய ஈயச் சுரங்கம் தோண்டிவிட்டுப் போன குட்டை. கோலாலம்பூரைச் சுற்றி இப்படி எத்தனையோ. தண்ணீரில் இறங்குவதற்கு முன் அவர் வண்டிக்கு அடியில் படுத்து, வடிகால் ஓட்டைகளின் அடைப்புகளைத் திருகி மூடினார். தரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிய அவற்றைத் திறந்து வைப்பார்கள். மூன்று ஓட்டை. இரண்டை மூடியதும் யாரோ இரும்பு விலை கேட்டு அவருக்கு போன் அடித்தார்கள்.

வண்டி தண்ணீருக்குள் இறங்கும் அந்த நொடி அழகானது. முன்பக்கம் கவிழ்கிறது, நெஞ்சு பதறுகிறது, உடனே யாரோ அடியிலிருந்து கையால் ஏந்துவது போல நிமிர்கிறது. கியர்ப் பக்கத்தில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பின்னால் குடைவுக்குள் இருக்கும், படகை உந்தும் விசிறி சுழலத் தொடங்கும். ஸ்டீயரிங் ஒன்றுதான்; அதைத் திருப்பினால் முன்சக்கரமும் திரும்பும், பின்னால் சுக்கானும் திரும்பும். சாலையில் மணிக்கு 80 கி.மீ. ஓடுகிற வண்டி தண்ணீரில் 10 கி.மீ.தான் போகும். அடியில் தொங்கும் ஆறு சக்கரமும் தண்ணீரை வாரி இழுத்துக்கொண்டு வருகிறதே, வேறு எப்படிப் போகும்?

அஞ்சாவது நிமிடம் என் செருப்பு நனைந்தது.

ஓட்டை 2.5 செ.மீ. விட்டம். நீர்மட்டத்துக்கு முக்கால் மீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் பீறிடும். நிமிடத்துக்குச் சுமார் 70 லிட்டர். கால் மணி நேரத்தில் ஒரு டன். ஆனால் எடையைவிட மோசமானது அந்தத் தண்ணீரின் குணம். தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்திக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் எல்லாம் அந்தப் பக்கமே ஓடும், சாய்வு இன்னும் கூடும். படகுக்குள் புகுந்த தண்ணீரும் அப்படித்தான். பள்ளமான பக்கத்துக்கு ஓடி, அதை மேலும் பள்ளமாக்கும்.

இதைத் தெரிந்தேதான் வாத்துக்குள் பெரிய பம்ப் வைத்தார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டரை வெளியேற்றும். 5 செ.மீ. ஓட்டை விழுந்தாலும் உள்ளே வருவது 280 லிட்டர்தான் என்பதால் சமாளித்துவிடும். ஒரே நிபந்தனை, அது விசிறித் தண்டின் சுழற்சியில் ஓடுகிற பம்ப். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். அண்ணன் எஞ்சினை உறுமவிட்டபடியே கரைக்குத் திருப்பினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் மோரிப் கதையும் அன்றைக்குச் சொல்லவில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. 1999 மே 1 அன்று அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்து ஏரியில் சுற்றுலாவுக்கு ஓடிய ஒரு பழைய வாத்து மூழ்கி 13 பேர் இறந்தார்கள். சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டு படகிலிருந்து வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் மூடியிருந்த ரப்பர் உறை கழன்றிருந்தது. மேலே போட்டிருந்த கூரை ஆட்களை வெளியேற விடவில்லை. லாரியைப் படகாக்கும்போது அடியில் இத்தனை ஓட்டை போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ரப்பர் வளையம். அந்த ரப்பருக்கு வயதாகும் என்பதுதான் இந்த வண்டி வைத்திருப்பவர்களின் நிரந்தரக் கவலை. ரப்பர் நாட்டில் இருந்துகொண்டு அண்ணன் இந்த வளையங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்.

நிலத்தில் ஓடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, தண்ணீரில் மிதப்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பத்திருபது மீட்டர்தான் சிக்கல். பட்டாளக் கதைகள் முக்கால்வாசி அங்கேதான் நடக்கின்றன. அந்த இடத்தில் வண்டியின் எடையில் பாதியைத் தண்ணீர் தாங்குகிறது. ஆகவே சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்க முடியாது. விசிறியோ ஆழம் போதாமல் மணலைக் கிளறுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சுழலவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறிய பிறகு மணல்.

இங்கேதான் ஸ்பியரின் மூளை வேலை செய்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். இப்படி ஒரு வசதியோடு பெருமளவில் செய்யப்பட்ட முதல் வண்டி இதுதான். சக்கரங்களின் வெளிப்பக்கத்தில் வளைந்து நிற்கும் காற்றுக்குழாய்கள் அதற்குத்தான். நம் பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் பொறி 220 என்று காட்டுமே, அது கிலோபாஸ்கல் என்ற அழுத்த அளவு. வாத்து தார்ச்சாலையில் 276இல் ஓடும். சரக்கோடு ஒரு சக்கரத்தின் மேல் ஏறும் பாரம் சுமார் 1.4 டன். அதைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு கிடைக்கும்; ஒரு ஏ4 தாளைவிடச் சற்றுக் குறைவு. காற்றை 69க்கு இறக்கினால் அதே டயர் சப்பையாகி மூன்று ஏ4 தாள் அளவுக்குப் பரவும். பாரம் மாறவில்லை, அழுத்தம் கால்வாசியாகிவிட்டது. கடலில் இருக்கும்போதே காற்றை இறக்கி, மணலேறி, சாலை வந்ததும் ஓடிக்கொண்டே ஏற்றிக்கொள்வார்கள்.

1942 டிசம்பரில் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் அருகே கடலோரக் காவல் படகு ஒன்று மணல்திட்டில் மாட்டியது. மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் காற்று. ராணுவத்துக்குக் காட்டக் கொண்டுவந்திருந்த சோதனை வாத்து ஒன்று போய் ஏழு பேரையும் மீட்டு வந்தது. கட்டுக்கதை மாதிரி இருக்கும் இதுதான் கதைகளிலேயே கலப்படம் இல்லாதது.

இன்னொன்று, போவாந்து டு ஹோக் ஏணிக் கதை. நார்மண்டியில் 30 மீட்டர் செங்குத்துப் பாறை ஏற, லண்டன் தீயணைப்புப் படையிடமிருந்து நூறு அடி ஏணிகளை வாங்கி வாத்துகளில் பொருத்தினார்கள். கரையெல்லாம் குண்டு விழுந்த குழி. வண்டிகளால் பாறையடி வரை போக முடியவில்லை. ஒரு வண்டி தண்ணீரில் நின்றபடியே ஏணியை நீட்ட, உச்சியில் ஒரு சிப்பாய் ஊஞ்சலாடிக்கொண்டே சுட்டாராம். நம்பலாமா? 25 மீட்டருக்கு நீட்டிய ஏணியின் அடி 5 பாகை சாய்ந்தால் நுனி 2 மீட்டருக்கு மேல் நகரும். அன்றைய அலைக்கு 5 பாகை ஒன்றுமே இல்லை. தாராளமாக நம்பலாம்.

இனி மோரிப். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்துவிட்டது. மலாயாவை மீட்கப் போட்டிருந்த 'ஆப்பரேஷன் ஸிப்பர்' திட்டத்தை அப்படியே நடத்தினார்கள். செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிபிலும் போர்ட்டிக்சன் பக்கமும் இறங்கியது. எதிரே சுட ஆளில்லை. ஆனால் மோரிபில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்தன. மேலே மெல்லிய மணல், அடியில் சேறு.

மணலும் சேறும் வேறு வேறு சாதி. மணலை அழுத்த அழுத்தத் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பாரமே அதற்குப் பலம். மலாக்கா நீரிணையில் பேரலை கிடையாது. ஆறுகள் கொண்டுவரும் நுண்ணிய களியை யாரும் அலசிக்கொண்டு போவதில்லை, சதுப்புக்காடு அதைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. அந்தக் களியில் பாரத்தை வைத்தால் நடுவே நிரம்பியிருக்கும் தண்ணீர்தான் முதலில் அதை ஏற்கிறது, துகள்கள் இறுகுவதில்லை. சக்கரம் சுழன்றால் கலங்கி இன்னும் இளகும். மிக மென்மையான களியின் வலிமையை 10 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால், தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய அதைப் போல ஐந்து மடங்கு, 50. முழுச் சுமையோடு, காற்றை இறக்கிய வாத்துக்கு வேண்டியது 69. ஸ்பியரின் மூளையும் அங்கே தோற்கும்.

என் தாத்தா அந்தக் காலத்தில் மோரிபுக்கு அருகே பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் சிறுவன். தென்னைமரத்தை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு லாரியை இழுத்தார்கள் என்று சொல்வார். கணக்குக்கு ஒத்துவருகிற கதை. நாலு மீட்டர் மரத்தை நாலு போட்டால் ஏ4 தாள் கணக்கெல்லாம் எங்கேயோ போய்விடும்.

போன மாதம் அண்ணன் புது யோசனை சொன்னார். வண்டியை மோரிபுக்குக் கொண்டுபோய், இறங்கின இடத்திலேயே இன்னொரு தடவை இறக்கிப் படம் எடுக்கணுமாம். நான் முதலில் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். தண்ணீர் வற்றிய நேரம். ஒட்டுக்கடையில் தே குடித்துவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தேன். என் எடை 70 கிலோ; ஒற்றைக் காலில் நிற்கும்போது 34 கிலோபாஸ்கல். நூறு அடி வரை மணல் தாங்கியது. அடுத்த அடியில் கெண்டைக்கால் வரை போனேன். அப்படியென்றால் அந்த இடத்துக் களியின் வலிமை 7கூட இல்லை. காலை இழுத்துக்கொண்டேன், செருப்பு வரவில்லை. அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"எந்தக் கால் செருப்பு?" என்று கேட்டார்.