பசளைக் காசு வங்கிக்கு வரும், மண் பரிசோதனையை நாம்தான் கேட்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் குருத்து மஞ்சளித்தால் உடனே சொல்லுவது "யூரியா காணாது" என்பதுதான். கொஞ்சம் குனிந்து இலையைப் பாருங்கள். நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலை. குருத்திலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை.

செம்மண்ணில் இரும்புக் குறையா என்று கேட்பீர்கள். அந்தச் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் அடியில் சுண்ணாம்புக்கல், இறைக்கும் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. இப்படிக் காரம் ஏறிய மண்ணில் இரும்பு, நாகம் (துத்தநாகம்), மங்கனீசு எல்லாம் இருந்தும் வேருக்கு எட்டாது. இதற்கு மேல் வருடக்கணக்காக டி.எஸ்.பி. என்னும் பொசுபேற்றுப் பசளையைப் போட்டு வந்தால் பொசுபரசு மண்ணிலேயே தங்கிச் சேர்ந்து, பயிர் நாகத்தை எடுப்பதைக் கெடுக்கும். முந்தி பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணில் தாழ்த்தினார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். பயிருக்குச் சிறிதளவே தேவைப்படும் இந்தச் சுவடு மூலகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழியால் மண்ணுக்குத் திரும்பின. குழை குறைந்து பசளை மூட்டை கூடியபோது நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்ற மூன்று சத்து மட்டும் ஏறியது, மற்றவை அறுவடையோடு போய்க்கொண்டிருந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. பொசுபேற்றுப் பசளையோடு கட்மியம் என்ற நச்சு உலோகம் சிறிதளவு வரும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடக்கும் பரிசோதனை நிலத்தின் பழைய மண் மாதிரிகளைச் சோதித்தபோது, கட்மியம் காலப்போக்கில் ஏறியிருந்தது தெரிந்தது. நம் மண்ணின் காரம் அதை ஓரளவு கட்டிவைக்கும். ஆனாலும் புகையிலை கட்மியத்தை நன்றாக உறிஞ்சும் பயிர். வலிகாமத்தில் புகையிலை எவ்வளவு காலமாக நடுகிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அரசிடமிருந்து என்ன கிடைக்கும்? நெற்செய்கைக்கான பசளை மானியம் 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உச்சம் 2 ஹெக்டேயர். நம் கணக்கில் ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 40 பரப்பு, ஆக பரப்புக்கு 625 ரூபாய் அளவில் வரும். கமநல சேவை நிலையத்தில் பதிவு இருந்தால் காசு வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் அது வயலுக்கான காசு, தோட்டச் செம்மண்ணுக்கு அல்ல. மண்ணுக்கு எது தேவை என்று அந்தக் காசு பார்ப்பதும் இல்லை. என் பார்வையில் இதுதான் திட்டத்தின் ஓட்டை.

அதை அடைக்க இருப்பது மண் பரிசோதனை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். வழமையாகப் பார்ப்பது கார அமில அளவு, மின்கடத்துதிறன், சேதனப் பொருள், பொசுபரசு, பொற்றாசியம். நாகம், இரும்பு, செப்பு, மங்கனீசு வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் பிழை விடுவது. நானே ஒருமுறை மண்ணை வெறும் யூரியாப் பையில் கட்டிக்கொண்டு போய்த் திட்டு வாங்கியவன். மேலே கிடக்கும் சருகை விலக்கி, 'வி' வடிவில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல் எடுக்க வேண்டும். தோட்டத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்துங்கள். நாகம் பூசிய தகர வாளியும் கறள் பிடித்த மண்வெட்டியும் ஆகாது. நாகத்தையும் இரும்பையும் அளக்கப் போகும் மண்ணில் அவை தாமே கலந்துவிடும். எருக் குவியலடி, வரம்போரம், நேற்றுப் பசளை போட்ட இடம் இவற்றைத் தவிருங்கள். வெங்காயம் கிண்டி முடித்து அடுத்த பயிருக்கு மண் கொத்துவதற்கு முன் எடுத்தால் நல்லது.

பரிசோதனை முடிவில் பொசுபரசு கூடுதல் என்று வந்தால் டி.எஸ்.பி.யை எத்தனை போகம் நிறுத்தலாம் என்று போதனாசிரியரிடமே எழுதி வாங்குங்கள். இரும்புக் குறைக்கு மண்ணில் போடுவதைவிட இலையில் தெளிப்பது கைகொடுக்கும், ஏனென்றால் மண்ணில் போட்டதைச் சுண்ணாம்பு பிடித்துவிடும்.

நுண்சத்துப் போத்தல், பொட்டலம் வாங்கும்போதும் கவனம். 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கப் பசளை ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் பசளை வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவை. எந்தச் சத்து எத்தனை வீதம் என்று வெளியில் அச்சிடாத சரக்கை வாங்காதீர்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டும், 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "தெரிந்த கடைதானே" என்று விட்டுவிடாமல் அதை வாங்கி, பரிசோதனை முடிவுத்தாளோடு சேர்த்து வையுங்கள்.